விடியற்காலைக் கனவும் இரவு மாத்திரையும்

கேள்வி: எனக்கு 36 வயது. ஏற்காட்டில் வீடு, சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை, தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். அப்பா தவறிய பிறகு சாப்பாடு, தூக்கம், பேச்சு எதிலும் பிடிப்பில்லாமல் போய், டாக்டரிடம் காட்டினேன். மனச்சோர்வு என்று எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரையை இரவில் போடச் சொன்னார். ஏழு வாரமாகிறது. பகலில் நன்றாகவே இருக்கிறேன், அழுகை குறைந்துவிட்டது. ஆனால் கனவுதான் தாங்க முடியவில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ் இறங்குகிறது, டிரைவர் இல்லை, முன் சீட்டில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், எத்தனை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. நாலு நாலரைக்கு வியர்த்துக்கொட்டி எழுந்துவிடுகிறேன். விடியற்காலைக் கனவு பலிக்கும், அப்பா உன்னைக் கூப்பிடுகிறார் என்று அம்மா பயந்துபோய் தாயத்து கட்டியிருக்கிறார். போன வாரம் சனி, ஞாயிறு மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன், ஞாயிறு இரவு வந்த கனவு எல்லாவற்றையும்விட மோசம். மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், விட்டுவிடாதீர்கள். குறைந்தபட்சம் உங்கள் டாக்டரிடம் பேசும்வரை ஒரு நாள்கூட விடாமல் போடுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே இருக்கிறது.

எஸ்சிட்டலோபிராம் நம் உடம்பில் சுமார் 30 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். வெள்ளி இரவு போட்டுவிட்டு இரண்டு நாள் போடாமல் விட்டால், ஞாயிறு இரவு படுக்கும்போது இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். இந்த வகை மாத்திரைகள் கனவுத் தூக்கத்தைக் கொஞ்சம் அடக்கி, தள்ளிப் போடுகின்றன. அடக்கி வைத்ததைத் திடீரென்று விட்டால் என்ன ஆகும்? அணையில் தேக்கிய தண்ணீர் மதகு திறந்ததும் பாய்கிற மாதிரி, மூளை விட்டுப்போன கனவையெல்லாம் ஒரே இரவில் கண்டு முடிக்கப் பார்க்கும். நிறுத்தியும் கனவு கூடியதே, அப்படியானால் இது மாத்திரையால் இல்லை, வேறு ஏதோ என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். உண்மையில் நிறுத்தியதால்தான் கூடியது. பராக்சிடின், வென்லாஃபாக்சின் போல இன்னும் சீக்கிரம் உடம்பை விட்டுப் போகிற மருந்துகளை இப்படி விட்டுவிட்டுப் போடுகிறவர்களுக்கு கனவோடு தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் அடித்த மாதிரி ஒரு உதறல் எல்லாம் வரலாம்.

சரி, ஒழுங்காகப் போட்ட நாட்களிலும் கனவு வந்ததே? அதற்கும் காரணம் உண்டு. தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று போகும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கண்கள் இமைக்குள் வேகமாக உருளுகிற ஒரு கட்டம் வரும், தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். இந்தக் கட்டத்தை 1953-இல் சிகாகோவில் இரண்டு ஆய்வாளர்கள் முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். முன்னிரவில் இது சில நிமிடம்தான் இருக்கும், விடியவிடிய நீளும், நாலு மணிக்கு மேல் நல்ல நீளமாகிவிடும். இந்த மாத்திரைகள் தூக்கத்தை லேசாக்கி நடுநடுவே விழிப்பையும் கொடுக்கும். கனவின் நடுவில் விழித்தால்தான் கனவு நினைவில் நிற்கும், அதுதான் உங்களுக்கு நாலரைக்கு நடக்கிறது.

ஆக, விடியற்காலைக் கனவுக்கு உங்கள் அம்மா தனி இடம் கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் முன்னோர் கவனித்ததில் தப்பில்லை, அந்த நேரத்துக் கனவுதான் நீளமானது, நினைவில் இருப்பது. ஆனால் அது பலிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்பா உங்களை எங்கேயும் கூப்பிடவில்லை. தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிற ஒரு மகள், அப்பாவை இழந்த துக்கத்தோடு படுத்தால், மூளை எடுத்துக்கொள்ள அந்த இரண்டும்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தாயத்து இருக்கட்டும், அம்மாவுக்கு நிம்மதி தருகிறது, உங்களுக்கும் கெடுதல் இல்லை. தாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினால்தான் கெடுதல்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். எஸ்சிட்டலோபிராம் மட்டும்தானா, கூடவே குளோனாசிபாம் என்று இன்னொரு பெயர் இருக்கிறதா? இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் ஊரில் சாதாரணம், வாங்குகிறவர்களில் பலருக்குத் தாங்கள் இரண்டு மருந்து சாப்பிடுவதே தெரியாது. குளோனாசிபாம் தூக்க மருந்து மாதிரி வேலை செய்வது. பல வாரம் போட்டுவிட்டு அதைச் சட்டென்று விட்டால் தூக்கமே போய், கெட்ட கனவு வந்து, சிலருக்கு வலிப்புகூட வரலாம். உங்கள் அட்டையில் அது இருந்தால் சனி, ஞாயிறு பட்ட பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம், இனி கண்டிப்பாக நீங்களாக நிறுத்தவே கூடாது. படபடப்புக்கென்று புரோப்ரனலால் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அந்த மருந்தும் சிலருக்குக் கெட்ட கனவு கொண்டுவரும்.

எஸ்சிட்டலோபிராம் மட்டும்தான் என்றால், இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் போனில் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். ஒரு இரவு போடாமல் மறுநாள் காலை சாப்பிட்டதும் போட்டு, அப்படியே காலையில் தொடரலாம். ஒரே நாளில் இரண்டு மாத்திரை போட்டுவிடாதீர்கள். நான் பார்த்தவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே கனவின் உக்கிரம் தணிந்திருக்கிறது, எல்லோருக்கும் தணியும் என்று சொல்ல மாட்டேன். குளோனாசிபாம் சேர்ந்த மாத்திரையை மட்டும் காலைக்கு மாற்றாதீர்கள், கடையில் நின்றுகொண்டே தூங்கி விழுவீர்கள்.

அப்புறம் காபி. எஸ்டேட் காபிப்பொடி வீட்டிலேயே கிடைக்கிற ஊர், வேலை முடிந்து ஏழரைக்கு மேலே வந்ததும் குளிருக்கு ஒரு டம்ளர் குடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். மதியத்துக்கு மேல் வேண்டாம், மாலை குடித்த காபியில் பாதி படுக்கும்போதும் இரத்தத்தில் இருக்கும். (வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: தூக்கம் வர வேண்டும் என்று குடித்துவிட்டுப் படுத்தால், போதை இறங்குகிற பின்னிரவில் கனவுகள் பேயாட்டம் போடும்.)

அந்தப் பஸ் கனவுக்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது, மருந்தே இல்லாதது, கெட்ட கனவுக்கு நல்ல பலன் தருவது. பகலில், மனம் தெளிவாக இருக்கும்போது, ஒரு நோட்டில் அந்தக் கனவை எழுதுங்கள். முடிவை மட்டும் உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். பஸ் மெதுவாகிறது, அடிவாரத்தில் செக்போஸ்ட் பக்கத்தில் நிற்கிறது, அப்பா இறங்கி இரண்டு டீ சொல்லிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிறார், டம்ளரில் ஆவி பறக்கிறது. இப்படியோ, உங்களுக்குத் தோன்றுகிற வேறு விதமாகவோ. அதைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள், பழைய முடிவை ஓட்ட வேண்டாம். ஊருக்குப் போகிற பஸ்ஸிலேயே செய்யலாம். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் கனவு வருவது குறையும், வந்தாலும் பயம் குறையும். எழுத உட்கார்ந்ததும் அழுகை அடக்க முடியாமல் வந்தால் தனியாகச் செய்ய வேண்டாம், மனநல ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

காத்திருக்கக் கூடாத சில நிலைமைகளையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடமே போய்விடலாம் என்று விழித்திருக்கும்போதும் தோன்றினால், உட்காரவே முடியாத பரபரப்பு வந்தால், தூக்கமே இல்லாமலும் களைப்பில்லாமல் ஏராளமாகப் பேசிக்கொண்டும் செலவழித்துக்கொண்டும் இருந்தால், கனவில் நடப்பதற்கு ஏற்றபடி நிஜமாகவே கை கால் வீசிப் பக்கத்தில் படுத்தவரை அடித்துவிட்டால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி இலவச எண், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-லும் பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவுக்குப் பயந்து மருந்தை விட வேண்டியதில்லை.

காலைக்கு மாற்றி மூன்று வாரமாகியும் கனவு விடவில்லை என்றால், அளவைக் குறைப்பதோ வேறு மருந்துக்கு மாற்றுவதோ டாக்டர் கையில் இருக்கிறது, வழி நிறைய உண்டு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர்வது வழக்கம், அப்புறம் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டையையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். விடியற்காலைக் கனவைப் பற்றி அவரே நேரில் டாக்டரிடம் கேட்கட்டும்.