எலும்பு விரிசல் ஆறிய பிறகு 21 கிலோமீட்டர் ஓடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 37. போன வருடம் 10 கி.மீ. ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கத்தில் வலி வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் மயிரிழை விரிசல் தெரிந்தது. நான்கு மாதம் ஓடவில்லை. அப்புறம் டாக்டர் சொன்னபடி நடையிலிருந்து தொடங்கி, இப்போது 8 கி.மீ. வலியில்லாமல் ஓடுகிறேன். மூன்று மாதத்தில் அரை மாரத்தான் ஓட ஆசை. முடியுமா?

பதில்: ஓடலாம் டீச்சர். ஆனால் மூன்று மாதம் போதாது, ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இப்போது மூச்சு வாங்காது, கால் லேசாக இருக்கும், 'இன்னும் நாலு கிலோமீட்டர் போனால் என்ன?' என்று தோன்றும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுவதால்தான் அப்படி. எலும்பு அந்த வேகத்தில் வருவதில்லை. புதுப் பாரம் விழுந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கொஞ்சம் கரைக்கும், பிறகுதான் புதிதாக நிரப்பும். சுவர் பூசுகிற கொத்தனார் உதிர்ந்த காரையை முதலில் சுரண்டி எடுப்பாரே, அது மாதிரி. சுரண்டலுக்கும் பூச்சுக்கும் நடுவில் சுவர் மெலிந்து நிற்கும். கரைவதற்குச் சில வாரம் ஆகும், நிரம்பி இறுகுவதற்கோ மாதக்கணக்காகும். விரிசல் ஆறியவர்களுக்குத் திரும்ப வலி வருவது பெரும்பாலும் உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும் இந்த இடைவெளியில்தான்.

'வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டு' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பலரும் அதை வாரத்தின் மொத்தத் தூரத்துக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைக் கவனித்து 2025இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே ஓட்டத்தின் நீளத்தைப் பார்க்கச் சொல்கிறது. முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் தாண்டியவர்களுக்குக் காயம் கூடுதலாக வந்திருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

8 கி.மீ.யிலிருந்து பத்துப் பத்து சதவீதமாக ஏறினால் 21.1 தொட 11 வாரம் ஆகும். மூன்று வாரம் ஏறி நான்காவது வாரம் இறங்க வேண்டும் என்பதால் அது 14 வாரமாகிவிடும். போன முறை விரிசல் வந்த 10 கி.மீ.யில் இரண்டு வாரம், 15இல் இரண்டு வாரம் கூடுதலாக நில்லுங்கள். நடுவில் ஒரு காய்ச்சலோ பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலையோ வராமல் இருக்காது. அதைத்தான் ஐந்து மாதம் என்றேன். பயிற்சியில் 16 வரை ஓடிவிட்டுப் போட்டியன்று 21 ஓடிவிடுகிறவர்கள் நிறைய. உங்கள் எலும்புக்கு அது வேண்டாம்.

நீள ஓட்டம் முடிந்த மறுநாள் காலை, கட்டிலைவிட்டு இறங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கட்டை விரலால் அந்த எலும்பின் உள் விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக லேசான நோவு இருந்தால் தசை இழுப்பாக இருக்கலாம். இரண்டு நாள் ஓய்வெடுத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய ஒரே இடத்தில் சுரீரென்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலும் அப்படித்தான். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். ஆரம்ப வாரங்களில் அதில் தெரியாது என்பதைப் பார்த்துவிட்டீர்களே!

கெண்டைக்கால் தசை எலும்புக்கு வரும் அதிர்வில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். வாசற்படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். இடது கால் 25 தடவை செய்தால் வலதும் 25 செய்ய வேண்டும். அது வரும்வரை 10 கி.மீ. தாண்ட வேண்டாம். ஓடும்போது காலை எட்டி வைக்காமல், சின்னச் சின்ன அடியாகச் சற்று வேகமாக வையுங்கள். நீள ஓட்டத்தில் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும்.

சாப்பாட்டை விடக் கூடாது. கறுப்புக் காபியோடு ஓடிவிட்டு, காலை உணவைத் தள்ளிப்போட்டுப் பள்ளிக்கு ஓடுகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன். சாப்பாடு குறைந்தால் உடம்பு எலும்பைக் கட்டுவதை நிறுத்திவைக்கும். மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ அது முக்கியமான எச்சரிக்கை, டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நம் ஊர்க் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. களியும் கீரையும் உங்களுக்கு மருந்து மாதிரி. விடியும் முன் ஓடி முடித்து, பகலெல்லாம் வகுப்பறையில் இருப்பவருக்கு வெயில் படுவது குறைவு. வைட்டமின் டி அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பாதை. தார் ரோட்டின் ஓரம் சரிவாக இருக்கும், ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் மட்டும் அடி வாங்கும். நெடுஞ்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம், லாரிகள். மண் மைதானம் கிடைத்தால் பாதித் தூரத்தை அதில் ஓடுங்கள். கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணைப் பக்கம் ஓட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தூரம் கூட்டுகிற ஞாயிறுகளில் வீட்டைச் சுற்றி 2 கி.மீ. வட்டமாக ஓடுங்கள். நேராகப் போய் ஏழாவது கிலோமீட்டரில் வலி வந்தால், திரும்பி வர இன்னொரு ஏழு இருக்கும். எங்கே ஓடினாலும் சரி, அந்த ஒரே இடத்தில் சுரீரென்றால் மீதியை நடந்துகூட முடிக்காதீர்கள். டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.