காளான் குடில் கேள்வி பதில்: மழைக்காலத்து மஞ்சள் திட்டு

கேள்வி: ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் சிப்பிக் காளான் மஞ்சளாகி, மறுநாளே பழுப்பேறிப் பிசுபிசுக்கிறது. முதல் பறிப்பில் ஒரு குறையும் இல்லை. ஈரப்பதம் குறையக் கூடாது என்று தினமும் மூன்று வேளை தெளிக்கிறோம். மருந்துக் கடையில் ஸ்ட்ரெப்டோமைசின் தந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: வேண்டாம் அம்மா. காசநோய்க்காரர்களுக்கு ஊசியாகப் போடும் மருந்து அது. மொட்டு விட்ட மூன்று நான்கு நாளில் காளானைப் பறித்துவிடுகிறோம். இன்று அடித்தது நாளை மறுநாள் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பில் இருக்கும். சில பழைய கையேடுகளில் இந்த மருந்து எழுதியிருப்பது உண்மைதான். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அந்த வரியை அடித்துவிடச் சொல்லித்தான் நான் அனுப்புவேன். இன்னொன்றும் யோசியுங்கள்: மருந்தையும் தண்ணீரில் கலந்துதான் தெளிக்கப் போகிறீர்கள். உங்கள் குடிலில் நோயை வளர்ப்பதே அந்தத் தண்ணீர்தான்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பாக்டீரியா திட்டு நோயைக் காட்டுகின்றன. பெரும்பாலும் இதற்குக் காரணம் சூடோமோனாஸ் டொலாசி என்ற பாக்டீரியா. 1915இல் அமெரிக்காவில் டோலாஸ் என்ற ஆய்வாளர் மொட்டுக் காளானில் இந்த நோயை விவரித்தார்; கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வைக்கோல், மண், தொட்டித் தண்ணீர் என்று எங்கும் இது இருக்கும், எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை தொந்தரவு தராது. காளானின் குடை போன்ற மேல்பகுதியில் மெல்லிய நீர்ப்படலம் மணிக்கணக்கில் நின்றால் பெருகிவிடும். பிறகு டொலாசின் என்ற நஞ்சைச் சுரந்து காளான் செல்களின் சவ்வில் துளை போடும். உள்ளிருப்பது வெளியே கசிந்து பழுப்பாகிறது. ஆகவே குடிலிலிருந்து இந்தக் கிருமியை ஒழிக்கிற வேலையில் இறங்காதீர்கள். அது குடிக்கும் தண்ணீரை நிறுத்துங்கள்.

காற்றில் 85 சதவீத ஈரப்பதம் இருக்கட்டும், குடை மட்டும் நனைந்து நிற்கக் கூடாது. தெளித்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குடை உலர்ந்துவிட வேண்டும். டார்ச் அடித்துப் பாருங்கள், மினுமினுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெயில் காலத்துக் கணக்கான மூன்று வேளை மழைக்காலத்துக்குப் பொருந்தாது. தரை மணலையும் சுவர் சாக்கையும் நனைத்தாலே போதும். பெட்டின் (காளான் முளைக்கும் வைக்கோல் பையின்) மேல் தெளிப்பதானால் பறித்து முடித்த பிறகு, காலையில், பனிபோல் மெல்லிய தெளிப்பாக. சாயங்காலம் தெளிக்கவே வேண்டாம்.

தெளிக்காத நாளிலும் திட்டு வருகிறதே என்று பலர் கேட்கிறார்கள். இரவில் குடை குளிர்ந்திருக்கும். காலை எட்டு மணிக்குக் கதவை விரியத் திறந்தால் வெளியிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று நுழையும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் போலக் குடை வியர்த்துவிடும். அதனால் இரவிலும் மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். உள்ளும் வெளியும் ஒரே சூட்டில் இருந்தால் வியர்க்காது. காற்று துளியும் அசையாத மூலைகளில்தான் முதல் திட்டு தெரியும். அங்கே பெட்டுகளை ஒன்றோடொன்று உரசாமல் தள்ளித் தொங்கவிடுங்கள்.

திட்டு விழுந்ததை நல்ல காளானோடு சேர்த்துப் பறிக்காதீர்கள். நல்லதை முதலில் பறித்துவிட்டு, நோய்ப்பட்டதைக் கடைசியில் பறித்து, கவரில் கட்டி வெளியே புதையுங்கள். கையைக் கழுவாமல் அடுத்த பெட்டைத் தொடக் கூடாது. ஈக்களும் கிருமியைச் சுமந்து வரும், ஜன்னலுக்குச் சிறுகண் நைலான் வலை அடியுங்கள். ஒரு பறிப்பு முடிந்து அடுத்த மொட்டு வருமுன் குளோரின் தண்ணீர் தெளிக்கலாம். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 45 கிராமை 100 லிட்டரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். இந்த அளவில் 150 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 150 பங்கு) குளோரின் கிடைக்கும். அதற்கு மேல் சேர்த்தால் காளானே கருகும்.

கேள்வி: நெல்லுக்கும் தக்காளிக்கும் சூடோமோனாஸ் பயன்படுத்துகிறோம். அதைக் காளானுக்கும் தெளிக்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: தெளிக்காதீர்கள் தம்பி. உங்களிடம் இருப்பது சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. பயிரின் வேரைக் காக்கத் தயாரித்த அந்தப் பொடியைக் காளான் குடையில் தூவுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. தோட்டத்துத் தெளிப்பானையும் குடிலுக்குள் கொண்டுவராதீர்கள், அதற்கென்று தனியாக ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: வாங்கிவந்த காளான் வித்துப் பையில் (பூசணம் வளர்த்த சோள மணிகள்) சோளம் நசநசவென்று இருக்கிறது, புளித்த வாடை வருகிறது. நல்ல வித்தோடு கலந்து போடலாமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: போடவே வேண்டாம். சோளம் அதிகமாக வெந்து தண்ணீர் வடியாமல் போனாலோ, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலத்தில்) போதிய நேரம் வைக்காவிட்டாலோ பேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர்கள் (தடித்த உறைக்குள் உறங்கும் நிலை) பிழைத்துக்கொள்ளும். கொதிநீருக்கும் சாகாதவை அவை. 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரியில் வைத்தால்தான் அடங்கும். அந்தக் கெட்ட வித்திலிருந்து ஒரு பிடி கலந்தாலும் நல்ல பெட் கெட்டுவிடும். வாங்கும்போதே பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வெள்ளைப் பூசண இழை எல்லா மணியிலும் சீராகப் படர்ந்திருக்க வேண்டும், அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. தேங்கியிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பறிக்கும்போது பளிச்சென்றிருந்த மொட்டுக் காளான், கடைக்குப் போனதும் பழுப்புத் திட்டாகிவிடுகிறது. திட்டு விழுந்ததைச் சாப்பிடலாமா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: பறித்த பிறகும் இந்த நோய் வளரும். ஈரத்தோடு பேக் செய்து, குளிரில் வைத்து, வெளியே எடுத்தால் கவருக்குள் நீர் கோத்துக்கொள்ளும். தெளித்த உடனே பறிக்காதீர்கள். குடை உலர்ந்த பிறகு பறித்து, சூடு தணியக் குளிரவைத்து, அதன் பிறகே கவரில் போடுங்கள். கவரில் சிறு துளைகள் இருக்கட்டும். இந்தக் கிருமி மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை. ஓரிரு திட்டுதான், காளான் கெட்டியாக இருக்கிறது என்றால் அந்த இடத்தைச் சீவிவிட்டு நன்றாக வேகவைத்து வீட்டுக்குச் சமைக்கலாம். கொழகொழத்ததையும் நாறுவதையும் குப்பையில் போடுங்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.