கம்ப்ரஸரில் சக்கரம் சுற்றியது, பொயிலரை யார் பார்த்தார்?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் பழைய துரை பங்களா ஒன்றை விடுதியாக நடத்துகிறோம். முற்றத்தில் பல வருடமாக ஒரு சிறிய குறுகிய பாதை நீராவி இஞ்சின் நிற்கிறது. அதை ஓடவைத்து, தோட்டத்துக்குள் கொஞ்சத் தூரம் தண்டவாளம் போட ஆசை. தரகர் ஒருவர் கம்ப்ரஸர் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். பொயிலர் குழாய்களை மாற்றினால் 3 மாதத்தில் நீராவி ஏற்றலாம் என்கிறார். பாதிப் பணத்தை முற்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

அவர் காட்டியது பொய் இல்லை, ஆனால் அது பாதிகூட இல்லை. கம்ப்ரஸர் காற்று நேராக சிலிண்டருக்குப் போய்ப் பிஸ்டனைத் தள்ளியது, அவ்வளவுதான். அதற்குக் குறைந்த அழுத்தமே போதும். பொயிலர் அந்த வேலையில் சேரவே இல்லை. ஆளைக் கொல்லக்கூடிய பாகம் அதுதான்.

சதுர அங்குலத்துக்கு 160 இறாத்தல் அழுத்தத்தில் பொயிலர் தண்ணீர் ஏறக்குறைய 188 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். தகடு கிழிந்து அழுத்தம் விழுந்ததும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகும். 1 லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1,600 லீற்றருக்கு மேல் இடம் கேட்கும். விறகு எரியும் அடுப்பான நெருப்புப் பெட்டியின் உள்சுவரையும் வெளிச்சுவரையும் நூற்றுக்கணக்கான தண்டுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஸ்டே என்பார்கள். அதில் ஒன்று உள்ளே முறிந்திருந்தால் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. குழாய் எப்படியும் தேய்ந்து மாற்ற வேண்டிய சாமான். புதுக் குழாய் போட்டதால் முறிந்த ஸ்டே ஒட்டிக்கொள்ளாது.

அதனால் முதல் செலவு திறந்து பார்ப்பதற்கு மட்டும். குழாய்களைக் கழற்றி, உள்ளே படிந்த காறையைச் சுரண்டி, தகட்டின் தடிப்பை மீயொலிக் கருவியால் அளக்க வேண்டும். எண்கள் சரியாக வந்தால் அப்புறம் பொயிலர் நிறையக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுப்பார்கள். வேலை அழுத்தத்தைப் போல ஒன்றேகால் மடங்கா ஒன்றரை மடங்கா என்பதைப் பரிசோதகர் சொல்வார். தண்ணீர் சுருங்காது. எங்காவது விட்டுக்கொடுத்தால் பீறிட்டு ஒழுகும், அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்றை அடைத்துச் சோதித்தால் அதே இடம் குண்டாக வெடிக்கும்.

காற்றுக்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. விருந்தாளிகளுக்குச் சக்கரம் அசைந்தால் போதும், நெருப்பு வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் கம்ப்ரஸரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொயிலரிலிருந்து சிலிண்டருக்கு வரும் வழியைத் தகடு போட்டு அடைத்திருக்க வேண்டும். காற்று சிலிண்டருக்கு மட்டும் போக வேண்டும், அதுவும் குறைந்த அழுத்தத்தில். கம்ப்ரஸர் தொட்டியில் பாதுகாப்பு வால்வு வேலை செய்ய வேண்டும். தண்டவாளத்தின் இரு முனையிலும் தடுப்பு வேண்டும். பொயிலரையே காற்றுத் தொட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனித் தரகர்கள். பிரித்தானியாவில் கட்டிய பல இஞ்சின்களின் உள் நெருப்புப் பெட்டி செம்பு. "செம்பு தேய்ந்துவிட்டது, இரும்பில் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி நூற்றுக்கணக்கான கிலோ செம்பை லொறியில் ஏற்றிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். பித்தளை வால்வுகளும் விசிலும் "சுத்தம் செய்ய" போய்த் திரும்பி வராது. கழற்றும் ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்து, நிறுத்து, கையெழுத்து வாங்குங்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடிய பழைய கோச்சி இஞ்சின் என்று கதை சொல்லி விலை ஏற்றுவார்கள். பெயர்த் தகட்டை நம்பாதீர்கள், அதை யாரும் பூட்டலாம். சக்கரத் தண்டுகளில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

தேயிலை ஸ்டோர் ஹீட்டர் பழுதுபார்க்கும் பாஸிடம் பொயிலர் வெல்டிங்கைக் கொடுக்காதீர்கள். கைராசிக்காரராக இருக்கலாம், ஆனால் அங்கே ஓடுவது வெறும் சூடான காற்று, அழுத்தம் கிடையாது.

சான்றிதழ் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தொழிற்சாலைப் பொயிலர்களுக்கு 1942ஆம் ஆண்டிலிருந்தே தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இதே மாதிரி ஒரு இஞ்சினுக்காக நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது ஓரிடத்தில் "இது தொழிற்சாலை இல்லையே" என்றார்கள். அடுத்த இடத்தில் "எங்கள் பாதையில் ஓடாத வண்டி" என்றார்கள். மாதக்கணக்கில் ஒரு கையெழுத்துக்கு ஆள் இல்லை. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். நீங்கள் கேட்பதை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பரிசோதகரின் கையெழுத்து இல்லாமல் ஒரு குச்சி விறகுகூட அடுப்பில் வைக்கக்கூடாது. கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய்க் குறுகிய பாதை இஞ்சினைப் பக்கத்தில் நின்று பாருங்கள், உங்களுடையதில் எது குறைகிறது என்று தெரியும்.

நாளைக் காலையிலேயே புகைபோக்கிக்கு ஒரு தகர மூடி போடுங்கள். உங்கள் ஊர் மழை அதன் வழியே புகைப்பெட்டிக்குள் இறங்கி, பழைய சாம்பலில் ஊறித் தகட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. சாம்பலை அள்ளி எடுங்கள், பொயிலரில் தேங்கிய தண்ணீரை வடியவிடுங்கள். பொயிலரைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சு கல்நாராக, அதாவது அஸ்பெஸ்டஸாக, இருக்கலாம். பொடியன்களை விட்டு அதைச் சுரண்டாதீர்கள்.