பேசாத நடுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாண்டுகளாகக் கணினியில் போர் விளையாட்டுகளை ஆடிவருகிறேன். அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடத்தில் படைப்பிரிவுகளை நகர்த்தும் வகைதான் எனக்குப் பிடித்தது. இவையெல்லாம் மேசையில் அட்டை வரைபடத்தை விரித்துக் காய்களை நகர்த்தும் பழைய அட்டை விளையாட்டுகளின் நகல்கள், மூலத்தை ஆடாதவனுக்கு நகல் புரியாது என்கிறார் நண்பர் ஒருவர். கணக்கு முழுவதையும் கணினியே போட்டுவிடும்போது, தடித்த விதிநூலைப் படித்துப் பகடை உருட்டுவதில் பழமை மோகத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அறுகோணம் அட்டையிலிருந்து வந்ததுதான். 1950களில் ‘டாக்டிக்ஸ்’ என்ற விளையாட்டைத் தாமே வெளியிட்ட சார்லஸ் ராபர்ட்ஸ் பின்னர் நடத்திய அவலான் ஹில் நிறுவனம், 1961இல் தன் வரைபடங்களில் அறுகோணங்களைக் கொண்டுவந்தது. சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் போகும் படை, நேராகப் போகும் படையைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு தொலைவை அதே நகர்வில் கடந்துவிடும். அறுகோணத்தில் அண்டைக் கட்டங்கள் ஆறும் ஒரே தொலைவில் இருப்பதால் அந்தக் கோளாறு இல்லை. 1994இல் வெளிவந்த ‘பான்ஸர் ஜெனரல்’ உள்ளிட்ட எத்தனையோ கணினி விளையாட்டுகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன.

ஆனால் அட்டை விளையாட்டின் உயிர், ஒவ்வொரு வலிமை விகிதத்துக்கும் ஒரு பத்தி வைத்து, பகடையில் விழும் எண்ணுக்கு என்ன முடிவு என்று சொல்லும் மோதல் முடிவு அட்டவணையில் இருக்கிறது. தாக்குபவரின் வலிமையைத் தற்காப்பவரின் வலிமையோடு ஒப்பிட்டு விகிதம் கண்டு, மிஞ்சுவதைத் தற்காப்பவருக்குச் சாதகமாகத் தள்ளிவிடுவார்கள். உங்களிடம் 11 புள்ளிகள், எதிரியிடம் 4 என்றால் அது இரண்டுக்கு ஒன்றுதான். மூன்றுக்கு ஒன்று என்ற பத்தியில் பகடை உருட்ட உங்களுக்கு 12 வேண்டும். அந்த ஒரு புள்ளிக்காக வரைபடம் முழுவதும் கண்ணால் துழாவி, மூலையில் கிடக்கும் சின்னப் படைப்பிரிவொன்றைக் கண்டுபிடித்து, அதை எடுத்தால் அது காத்துநிற்கும் பாலம் திறந்துவிடுமே என்று விரலைப் பின்னிழுத்துக்கொள்ளும் அந்த அரை நிமிடத்தில்தான் இந்த விளையாட்டின் மொத்தச் சுவையும் இருக்கிறது. கூடவே, 11க்கும் 12க்கும் இடையில் உண்மைப் போரில் இப்படி ஒரு செங்குத்துப் பள்ளம் இருக்குமா என்ற சந்தேகமும் எழும். எழ வேண்டும். அட்டவணை கண்முன்னே அச்சாகிக் கிடப்பதால் வடிவமைத்தவரோடு சண்டை பிடிக்கலாம், பென்சிலால் திருத்தியும் ஆடலாம்.

‘பான்ஸர் ஜெனரல்’ தாக்குதலுக்கு முன்பே இரு தரப்பின் உத்தேச இழப்பையும் காட்டிவிடும். முடிவு வேறாக வரும்போது நான் பல முறை அதிர்ஷ்டத்தைத் திட்டியிருக்கிறேன். அந்த எண் எதிலிருந்து பிறந்தது என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாதபடி அது விரைவாக நடந்துவிடுகிறது.

எனவே கணினி விளையாட்டை அட்டையின் நகல் என்பதைவிட, அதற்கும் முந்திய ஒன்றின் வாரிசு என்பேன். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிய வேலையைத் திருத்தி வெளியிட்ட ‘க்ரீக்ஸ்ஷ்பீல்’ ஆட்டத்தில், இரு தரப்பினரும் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். நடுவர் கணக்கிட்டு, அவரவர் படைகளின் கண்ணுக்கு எட்டியதை மட்டும் தெரிவிப்பார். எதிரி எங்கே என்று தெரியாத அந்த இருட்டைத் திறந்த மேசையில் கொண்டுவருவது கடினம். கணினிக்கு அது இயல்பு. ஆனால் பிரஷ்ய நடுவரிடம் ஆட்டம் முடிந்ததும் காரணம் கேட்கலாம். கணினி என்ற இந்த நடுவர் பேசமாட்டார்.

கணக்குச் சுமையைப் பொறுத்தவரை கணினியின் பக்கம்தான் நான். 1979இல் ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்த ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’ என்ற அட்டை விளையாட்டை முழுதாக ஆடி முடிக்க ஏறத்தாழ 1,500 மணி நேரம் ஆகும் என்பார்கள், இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கத் தனியாகத் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்று அதில் ஒரு விதியே உண்டு. (சிரித்துவிட்டு யோசித்தால், பாலைவனப் போரைத் தீர்மானித்ததே தண்ணீரும் எரிபொருளும்தான்.) இத்தகைய கணக்கை மனிதத் தலையில் ஏற்றுவது கொடுமை. 2010இல் வந்த கேரி கிரிக்ஸ்பியின் ‘வார் இன் தி ஈஸ்ட்’ என்ற கணினி விளையாட்டு, ஒரு கட்டத்துக்கு பத்து மைல், ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் என்று இரண்டாம் உலகப் போரின் கிழக்குப் போர்முனை முழுவதையும் நடத்துகிறது என்றால், படைகளுக்கு வேண்டிய பொருள்களை அனுப்பும் வழங்கல் கணக்கைக் கணினி சுமப்பதால்தான்.

நீங்கள் சிறிய அட்டை விளையாட்டு ஒன்றை எடுத்து, இரு தரப்பையும் நீங்களே ஆடிப் பாருங்கள். எதிராளி கிடைக்காத பலர் அப்படித்தான் ஆடுகிறார்கள். பிறகு ஆள் கிடைத்தால் ‘வஸால்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் இணையம் வழியாகப் பழைய அட்டை விளையாட்டுகளை ஆடலாம். பெரும்பாலும் அது வரைபடத்தையும் காய்களையும் பகடையையும் மட்டும் தரும், தவறாக நகர்த்தினால் தடுக்காது. எதிராளிதான் தடுப்பார், நீங்கள் விதிநூலைப் புரட்டி அவரோடு வாதிட வேண்டியிருக்கும்.