ரீட்-ஒன்லி லினக்ஸில் எஸ்எஸ்எச்: கேள்வி பதில்

கேள்வி: என் போர்டின் ரூட் பார்ட்டிஷன் ஸ்குவாஷ்எஃப்எஸ் (படிக்க மட்டுமே முடிந்த, சுருக்கப்பட்ட ஃபைல் சிஸ்டம்). அதில் டிராப்பேர் (நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக லாகின் செய்ய உதவும் சின்ன எஸ்எஸ்எச் சர்வர்) ஓடுகிறது. ஆனால் போர்டை ரீபூட் செய்யும்போதெல்லாம் ஹோஸ்ட் கீ (போர்டின் அடையாளச் சாவி) மாறிவிட்டது என்று லேப்டாப் எச்சரிக்கிறது. ஏன்?

பதில்: உங்கள் கீ டெம்ப்எஃப்எஸ்ஸில், அதாவது ரேமில், உருவாகிறது. கரண்ட் போனால் கீயும் போச்சு. ஃபிளாஷில் எழுதக்கூடிய சின்ன பார்ட்டிஷன் ஒன்றை ஒதுக்குங்கள்: வெறும் நேண்ட் சிப் என்றால் யூபிஐஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், இஎம்எம்சி (கன்ட்ரோலரும் சேர்ந்த ஃபிளாஷ்) என்றால் ஈஎக்ஸ்டி4. டிராப்பேர் எழும் முன்பே அது மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட், அங்கே கீ இல்லையென்றால் மட்டும் டிராப்பேர்கீ நிரல் மூலம் ஒரு எட்25519 வகை கீயை உருவாக்கட்டும். பிறகு டிராப்பேரின் சின்ன ஆர் (-r) ஆப்ஷனில் அந்தப் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் பூட்டில் கீ எழுதும் நேரம் பார்த்து யாராவது பிளக்கைப் பிடுங்கினால், ஃபைல் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. 'இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் அதை நம்பிவிடும்; அப்புறம் லாகின் செய்யவே முடியாது. அதனால் வேறு பெயரில் எழுதி, சிங்க் செய்து (ஃபிளாஷில் உண்மையிலேயே எழுதவைத்து), கடைசியில் பெயரை மாற்றுங்கள். ஃபைல் காலியா என்பதையும் சோதியுங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? கீயை ஃபர்ம்வேர் இமேஜுக்குள்ளேயே வைத்துவிட்டால்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஃபர்ம்வேர் கையில் கிடைத்த யாரும் அன்ஸ்குவாஷ்எஃப்எஸ் நிரலை ஓட்டி, இமேஜைப் பிரித்து, பிரைவேட் கீயை எடுத்துவிடலாம். அதன் பிறகு நீங்கள் விற்ற எந்தக் கருவியாகவும் அவர் நடிக்கலாம். கீ அந்தந்தக் கருவியிலேயே பிறக்க வேண்டும்.

கேள்வி: லாகின் ஆகிறது, ஆனால் பிடிஒய் (கட்டளை தட்டுவதற்கான மெய்நிகர் டெர்மினல்) கிடைக்கவில்லை என்று வருகிறது.

பதில்: பிடிஒய்களைத் தரும் டெவ்பிடிஎஸ் ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்காது. ரீட்-ஒன்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: சார், ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் (பாஸ்வேர்ட் இல்லாமல் லாகின் ஆக அனுமதிக்கப்பட்ட கீகளின் பட்டியல்) சரியாகத்தான் இருக்கிறது. இருந்தும் பாஸ்வேர்ட் கேட்கிறது.

பதில்: ஹோம் டைரக்டரியின் உரிமையாளரைப் பாருங்கள். பில்ட் செய்த கணினியில் உங்கள் யூசர் ஐடி 1000 என்றால், அதுவே இமேஜுக்குள்ளும் போயிருக்கும். டிராப்பேர் அதை ஏற்காது. இமேஜை உருவாக்கும் எம்கே-ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்கு, எல்லா ஃபைலையும் ரூட் பெயருக்கு மாற்றும் ஆல்-ரூட் ஆப்ஷன் கொடுத்து மறுபடி பில்ட் செய்யுங்கள். குரூப்புக்கு எழுதும் அனுமதி இருந்தாலும் இதே கதிதான்.

கேள்வி: எஸ்எஸ்எச் வழியாக ஃபைல் நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை, எஸ்எஃப்டிபி-சர்வர் இல்லை என்கிறது. முன்பு வேலை செய்தது!

பதில்: லேப்டாப்பில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில், 2022இல் வந்த 9.0 முதல் எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி என்ற ஃபைல் பரிமாற்ற முறையைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது. டிராப்பேரோடு அந்த சர்வர் வருவதில்லை. உங்கள் பக்கம் எஸ்சிபி கட்டளையில் கேபிடல் ஓ (-O) ஆப்ஷன் சேர்த்தால் பழைய முறையிலேயே போகும்.