மறதி நோய் உள்ளவர்களோடு சேர்ந்து பாடுவது: கேள்வி பதில்

கேள்வி (மதுரை): அம்மாவுக்கு அல்சைமர். என் பெயரே மறந்துபோச்சு. ஆனால் ரேடியோவில் பழைய பாட்டு வந்தால் முழுசாகப் பாடுகிறார். எப்படி அக்கா?

பதில்: பல வருஷம் கேட்டுப் பழகிய பாட்டைத் தாங்கும் மூளைப் பகுதிகள் அல்சைமரில் மற்ற இடங்களைவிடக் குறைவாகவே தேய்கின்றன என்று 2015-ல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதோடு மெட்டு பிடித்துவிட்டால் ஒரு சொல் அடுத்த சொல்லை இழுத்து வந்துவிடும். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் நடுவில் கேட்ட பாட்டுகள்தான் பெரும்பாலும் ஆழமாக நிற்கும். அம்மா 1945-ல் பிறந்தவர் என்றால் 1955 முதல் 1975 வரை வந்தவற்றைத் தேடுங்கள். டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பல்லவியை நீங்களே எடுங்கள். அவர் உதடு அசைந்ததும் உங்கள் குரலைத் தணித்து வழி விடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: "இது யார் பாடினது, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை.

கேள்வி (கோவை): தினமும் பாடினால் ஞாபகம் திரும்புமா?

பதில்: நோய் குணமாகாது. ஆனால் பலன் உண்டு. பின்லாந்தில் நோயாளியும் பார்த்துக்கொள்பவருமாக 89 ஜோடிகளை வைத்து நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. சேர்ந்து பாடியவர்களுக்கு மனநிலை மேம்பட்டது, நினைவாற்றலிலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பார்த்துக்கொள்பவர்களும் தெம்பாக இருந்தார்கள். எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிது.

கேள்வி (தஞ்சாவூர்): பாட்டு வகுப்பில் சேர்த்தால் மறதி சரியாகுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வகுப்பும் வேண்டாம், அங்கே திருத்துவார்கள்.

கேள்வி (சென்னை): முறையாகச் சங்கீதம் படித்தவன் நான். சுருதி விலகி, சரணம் மாறிப் பாடுவதை அப்படியே விடலாமா? கரோக்கி டிராக் போட்டால் ஒழுங்காக வருமே?

பதில்: ஐயா, வராது. டிராக் பெரும்பாலும் ஒரிஜினல் சுருதியில், ஒரிஜினல் வேகத்தில் ஓடும். எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு அந்த உச்சம் எட்டாது. எட்டாத இடத்தில் வாயை மூடிக்கொள்வார், பிறகு திறக்கவே மாட்டார். சுருதியை ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ இறக்கி, நிதானமாக நீங்களே பாடுங்கள். அவர் சரணத்தை விட்டு மறுபடி பல்லவிக்கு வந்தால் நீங்களும் வாருங்கள். டிராக் காத்திருக்காது, மனிதர் காத்திருப்பார்.

கேள்வி (ஸ்ரீரங்கம்): சென்னைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் கணவர் நாகஸ்வர வித்வான். அபஸ்வரம் கேட்டால் முகம் சுளித்து எழுந்துவிடுகிறார்.

பதில்: சரிதான் அம்மா. அவருக்குக் காது இன்னும் கூர்மையாக இருக்கிறது, அவரைக் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். சுருதிப்பெட்டியோடு நீங்கள் இருவர் மட்டும் பாடுங்கள். சென்னை ஐயாவைப் போல சுருதி பார்த்துப் பாடுகிறவர்களுக்கு ஏற்ற இடமும் அதுதான். ஆனால் உங்கள் கணவர் தப்பு விட்டால் அங்கேயும் திருத்தக் கூடாது.

கேள்வி (நெல்லை): பாடும்போது அப்பா அழுகிறார். நிறுத்தணுமா?

பதில்: கையைப் பிடித்துக்கொண்டு முடியும்வரை பாடுங்கள். பதற்றமாகி எழுந்தால் மட்டும் நிறுத்துங்கள். சாயங்காலம் குழப்பம் கூடுகிறவர் என்றால் காலையிலேயே பாடிவிடுங்கள்.

கேள்வி (சேலம்): மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில்: நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): பாடினால் ஞாபகம்...

பதில்: கோவைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திருச்சி): மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் குரல் நன்றாக இருக்காது. நானும் பாடணுமா?

பதில்: கட்டாயம். நாள் முழுக்க "சாப்பிடுங்க, குளிங்க, அங்கே போகாதீங்க" என்றே பேசிப் பேசி உங்களுக்கும் அலுத்திருக்கும். பாடும் அரைமணி நேரத்தில் உத்தரவு கிடையாது. அவருக்குக் காது மெஷின் இருந்தால் முதலில் போட்டுவிடுங்கள், வாயில் சாப்பாடு இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். அவருக்குப் பிடித்த பாட்டு எதுவென்று தெரியாவிட்டால் நாத்தனாரிடம் கேளுங்கள்.