மகளின் பியானோ படிப்புக்கு பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. லண்டன் ட்ரினிட்டி காலேஜின் இசைத் தேர்வில் 8-வது கிரேடு முடித்துவிட்டாள். ஜெர்மனியில் நான்கு வருடம் பியானோ படித்து, மேடைக் கலைஞராக வேண்டும் என்கிறாள். எனக்கு 52 வயது, தனியார் வேலை, சொந்த வீடு. டெபாசிட் 18 லட்சம், பி.எஃப். 22 லட்சம். செலவு போக மாதம் 25,000 மிஞ்சும். பி.எஃப்.-ஐ எடுக்கலாமா? 7 லட்சத்துக்கு ஒரு பியானோவும் வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: இரண்டுமே வேண்டாம். படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசு இசைப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஸ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க் இருக்கும் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. பெரிய செலவு சாப்பாடும் வாடகையும்தான். விசாவுக்கே ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) காட்ட வேண்டும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் வருடம் 12 லட்சம், நான்கு வருடத்துக்கு 48.

முதல் வருடத்தை டெபாசிட்டிலிருந்து கொடுங்கள். மிச்சம் 6 லட்சம் கையிருப்பு. மீதி 36 லட்சத்தில், மகளின் பகுதிநேர வருமானத்தைக் கழித்து 30 லட்சம் கல்விக் கடன் போதும். (மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், ஆனால் தனியாக டியூஷன் எடுக்கத் தனி அனுமதி வேண்டும்.) 10% என்றால் முழுக் கடனுக்கும் வட்டி மட்டும் மாதம் 25,000 வரும். உங்களுக்கு மிஞ்சுவதும் அதேதான்; அவள் படிக்கும்வரை வட்டியை அதிலிருந்து கட்டிவிடலாம். படிப்பு முடிந்ததும் பத்து வருடத் தவணை மாதம் 40,000 ஆகும், அதாவது 400 யூரோ. இதை மகள்தான் கட்ட வேண்டும்.

அவளால் முடியுமா? கச்சேரியை மட்டும் நம்பினால் முடியாது. டெக்சஸில் நடக்கும் வான் கிளைபர்ன் பியானோ போட்டியில் முதல் பரிசு 1 லட்சம் டாலர்; ஆனால் போட்டி நான்கு வருடத்துக்கு ஒருமுறை. வார்சாவின் ஷோபன் போட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உலகமே மோதும் இடத்தில் முதலிடம் ஒருவருக்குத்தான். கச்சேரிச் சன்மானத்திலும் ஏஜென்ட் கமிஷன், பயணம் எல்லாம் போய்விடும். ஆனால் இசைப்பள்ளி ஆசிரியராகவோ, ஓபரா அரங்கில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசிப்பவராகவோ வேலை கிடைத்தால் 400 யூரோ எட்டாத தொகை இல்லை. தனித்து இயங்கினாலும், அங்கே கலைஞர்களுக்கென்று இருக்கும் சமூகக் காப்பீட்டில் சேர்ந்தால் பிரீமியத்தில் பாதியைக் கட்டினால் போதும். இந்த வேலைகளைப் பற்றி மகளிடம் பேசிவிட்டீர்களா? முகம் சுளித்தால், கடன் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

இன்னொன்று. கிரேடு சான்றிதழைப் பார்த்து அங்கே இடம் தருவதில்லை. வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் எடுப்பார்கள். அதனால் கையிருப்பில் 2-3 லட்சம் ஒதுக்கி, நுழைவுத் தேர்வுக்கு மட்டும் முதலில் போய் வரட்டும். இடம் கிடைத்த பிறகு வங்கிக்குப் போகலாம். கடன் தொகையை வங்கியே அனுப்பினால் டி.சி.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். பழைய வரி முறையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரிக் கழிவும் உண்டு.

பியானோ? அவள் கிளம்பியதும் 7 லட்சம் கூடத்தில் துணி மூடிக் கிடக்கும். நுழைவுத் தேர்வுக்கு எலக்ட்ரானிக் கீபோர்டில் பழகினால் போதாது என்பது உண்மைதான்; நிஜப் பியானோவின் கட்டைகள் கனமானவை. ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுங்கள், அல்லது பியானோ இருக்கும் இசைப்பள்ளியில் மணிக்கணக்கில் பணம் கட்டிப் பழகட்டும்.